கன்சோலுக்கு மட்டும் ஒரு வழி: வீட்டு ஃபயர்வாலைத் தாண்டி விளையாடுவது எப்படி

புது கன்சோலை டிவியில் மாட்டி வைஃபை பாஸ்வேர்டைப் போட்டால் இணையம் வந்துவிடும். விளையாட்டு இறங்கும், யூடியூப் ஓடும். கொரட்டூரில் இருக்கும் நீங்கள் பட்டாபிராமில் இருக்கும் நண்பரோடு சேர்ந்து ஆட உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். அழைப்பு போகும், அவரால் உள்ளே வர முடியாது. வந்தாலும் குரல் கேட்காது. உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒருவர் பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார், இன்னொருவர் விலை கூடிய ரவுட்டர் வாங்கச் சொல்வார், மூன்றாமவர் ஃபயர்வாலையே ஆஃப் பண்ணச் சொல்வார். முதல் இரண்டும் பெரும்பாலும் வீண் செலவு. மூன்றாவது, கன்சோலுக்காக வீட்டில் உள்ள கேமரா, லேப்டாப் எல்லாவற்றையும் தெருவில் வைப்பது.

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன், கன்சோலுக்கும் வெளியுலகுக்கும் நடுவே எத்தனை தடுப்புகள் இருக்கின்றன, அவற்றில் எது உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அது தெரிந்த பிறகு தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் அளவுக்கு மட்டும் திறக்கலாம். இந்த அத்தியாயம் அதற்கான வரிசை.

தடுப்பு எங்கிருந்து வந்தது?

இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரிகள் ரேஷன் முறையில்தான் கிடைக்கின்றன. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி, அதை வீட்டின் எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்வது என்ற ஏற்பாடு நிலைத்தது. வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகள், வெளியே ஒரே முகவரி. இரண்டுக்கும் நடுவே மாற்றிக் கொடுக்கும் வேலையை ரவுட்டர் செய்கிறது. கன்சோல் திரையில் ‘நேட்’ என்று வருவது இந்த முகவரி மாற்றத்தைத்தான்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் அதற்கு ஒரே கதவு எண், வாசலில் வாட்ச்மேன். மூன்றாம் மாடிக்காரர் சாப்பாடு ஆர்டர் செய்திருந்தால் கொண்டுவருபவரை மேலே அனுப்புவார். எந்த வீட்டுக்கு என்று சொல்லத் தெரியாமல் ஒருவர் வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார். டவுன்லோடு, யூடியூப் எல்லாம் உங்கள் கன்சோல் கேட்டு வாங்குபவை. நண்பரின் கன்சோல் தானாக வந்து கதவைத் தட்டுவது அப்படியல்ல. ரவுட்டர் அதைத் திருப்பி அனுப்புகிறது, அதன் ஃபயர்வாலின் வேலையும் அதுதான்.

எல்லா விளையாட்டுக்கும் இந்தச் சிக்கல் வருவதில்லை. ஃபோர்ட்நைட் போன்றவற்றில் எல்லோரும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய் அங்கே சந்திக்கிறார்கள். டெக்கன் 8, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, ஜிடிஏ ஆன்லைன் போன்றவற்றில் ஆடுபவர்களின் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுகின்றன. உங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு நன்றாக ஓடி இன்னொன்று மட்டும் மக்கர் செய்தால், காரணம் பெரும்பாலும் இந்த வேறுபாடுதான்.

படி 1: கன்சோலிடமே கேளுங்கள்

பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்ஷன் ஸ்டேட்டஸ் என்று போய் இணைய இணைப்பைச் சோதியுங்கள். எக்ஸ்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், நெட்வொர்க் செட்டிங்ஸ் பக்கத்தில் நேட் டைப் சோதனை இருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸ், இன்டர்நெட், டெஸ்ட் கனெக்ஷன்.

வரும் விடையை இப்படிப் படியுங்கள்:

- பிளேஸ்டேஷன்: டைப் 2 என்றால் போதும். டைப் 3 என்றால் பார்ட்டி சாட்டும் நேரடி ஆட்டமும் தடைபடும். டைப் 1 என்றால் நடுவில் ரவுட்டரே இல்லாமல் கன்சோல் நேராக இணையத்தில் இருக்கிறது என்று பொருள்.
- எக்ஸ்பாக்ஸ்: ஓபன் என்றால் யாரோடும் ஆடலாம். மாடரேட் என்றால் சிலரோடு முடியாது. ஸ்ட்ரிக்ட் என்றால் ஓபன் நிலையில் இருப்பவர்களோடு மட்டும்தான் பேச முடியும். ‘டபுள் நேட்’ என்ற எச்சரிக்கையும் வரலாம்.
- ஸ்விட்ச்: ஏ, பி இரண்டும் நல்லவை. சி-யில் சிலரோடு தகராறு வரும். டி என்றால் ஏ நிலையில் இருப்பவர்களோடு மட்டும். எஃப் என்றால் இணைப்பே தேறாது.

விடை நன்றாக இருந்தும் ஆட்டத்தில் சேர முடியவில்லை என்றால் ஃபயர்வாலைக் குறை சொல்லாதீர்கள். கட்டண விளையாட்டுகளில் பலவற்றை ஆன்லைனில் ஆடத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். அது முடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 2: தடுப்புகளை எண்ணுங்கள்

நம் பக்கத்து வீடுகளில் பொதுவாக இரண்டு பெட்டிகள் இருக்கும். ஃபைபர் கம்பி வந்து நுழையும் பெட்டியை எல்லோரும் மோடம் என்கிறோம். நெட்காரர்கள் ஓ.என்.டி. என்பார்கள். சிக்னல் சரியாக எட்டவில்லை என்று அதன் பின்னால் நீங்களே வாங்கி மாட்டிய ரவுட்டர் இரண்டாவது. இரண்டுமே முகவரி மாற்றம் செய்துகொண்டிருக்கலாம். இவை போக, நெட் நிறுவனம் தன் இடத்திலேயே பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குள் அடைத்திருக்கலாம். இதற்குப் பெயர் சி.ஜி.நேட். ஆக, தடுப்பு ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்.

எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

1. வீட்டு வைஃபையில் இருக்கும் போனின் பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். ஜியோஃபைபர் பெட்டியில் 192.168.29.1. சரியான எண் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.
2. அங்கே ஸ்டேட்டஸ் பக்கத்தில் டபிள்யூ.ஏ.என். என்ற மூன்றெழுத்துக்கு எதிரே உள்ள முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. அதே போனில், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, உங்கள் ஐ.பி. முகவரியைக் காட்டும் ஏதேனும் ஒரு தளத்துக்குப் போங்கள். நான்கு எண்கள் புள்ளியிட்டு வருவதைப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வருவது புதிய முறை முகவரி, அது இந்தச் சோதனைக்கு உதவாது.

இரண்டு முகவரியும் ஒன்றாக இருந்தால் தடுப்பு ஒன்றுதான், அதுவும் உங்கள் கையில். டபிள்யூ.ஏ.என். முகவரி 192.168 என்று தொடங்கினால் வீட்டுக்குள்ளேயே இரண்டு தடுப்பு. 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சி.ஜி.நேட். 2012-இல் அந்தத் தொகுதி இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரைக்குள்ளோ தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அப்போது மோடத்தின் பக்கத்தையும் திறந்து, அதன் டபிள்யூ.ஏ.என். முகவரியை வெளி முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் ஒத்துப்போகாவிட்டால் தடுப்பு நெட் நிறுவனத்திடம் இருக்கிறது.

வீட்டுக்குள் இரண்டு தடுப்பு இருந்தால்

இரண்டில் ஒன்றை முகவரி மாற்றும் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும். நான்கு வழிகள் உண்டு, எளிதானதிலிருந்து சொல்கிறேன்.

- கன்சோலை நேராக மோடத்தில் லேன் கம்பியால் இணைப்பது. டிவியும் மோடமும் ஒரே ஹாலில் இருந்தால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.
- உங்கள் ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுவது. வைஃபை தரும் வேலை மட்டும் அதனிடம் இருக்கும், முகவரி வேலை மோடத்திடம் போய்விடும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே பொருத்தம்.
- மோடத்தை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றுவது. இதை நெட் நிறுவனம்தான் செய்து தர வேண்டியிருக்கும். அவர்கள் தரும் யூசர் பெயர், பாஸ்வேர்டை உங்கள் ரவுட்டரின் பி.பி.பி.ஓ.ஈ. பக்கத்தில் போட வேண்டும். மோடத்தில் லேண்ட்லைன் போன் இருந்தால் அது தொடர்ந்து வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.
- மோடத்தின் டி.எம்.இசட். பக்கத்தில் உங்கள் ரவுட்டரின் முகவரியைக் கொடுப்பது. வெளியிலிருந்து வருவதெல்லாம் ரவுட்டரிடம் வரும், அங்கே ஃபயர்வால் காவல் இருக்கும். டி.எம்.இசட்.-இல் ரவுட்டரின் முகவரியைப் போடலாம். கன்சோல், கம்ப்யூட்டர் எதன் முகவரியையும் போடக் கூடாது.

நெட் நிறுவனத்திடம் தடுப்பு இருந்தால்

சி.ஜி.நேட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் (தகவல் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்தாலும் பயனில்லை. தெருக்கதவு பூட்டியிருக்கிறது, சாவி உங்களிடம் இல்லை. வீட்டுக்குக் கம்பி இல்லாமல் 5ஜி வழியே வரும் இணைப்புகள் பெரும்பாலும் இந்த நிலைதான். செய்ய வேண்டியது ஒரு போன். நம் ஏரியாவில் பல தெருக்களுக்கு ஃபைபர் கொடுப்பவர் பழைய கேபிள்காரர்தான். கஸ்டமர் கேரை விட அவரிடமே நேராகப் பேசலாம்.

“அண்ணே, எங்க லைன் சி.ஜி.நேட்ல இருக்கு. டபிள்யூ.ஏ.என். ஐ.பி. நூறு புள்ளி எழுபத்திரண்டுன்னு காட்டுது.”

“ஸ்பீடு நல்லா வருதுல்ல தம்பி?”

“ஸ்பீடு வருதுண்ணே. வெளிய இருந்து உள்ள வர வழியில்ல. பப்ளிக் ஐ.பி. குடுக்க முடியுமா? ஸ்டேட்டிக் வேணாம், மாறுற ஐ.பி.யா இருந்தாலும் பரவால்ல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்ல மறக்காதீர்கள். நிலையான முகவரிக்குப் பல நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. விளையாட்டுக்கு அது தேவையில்லை. பொது முகவரியாக இருந்தால் போதும், நாளுக்கு நாள் மாறினாலும் கன்சோலுக்கு ஒன்றும் ஆகாது.

முடியாது என்று சொல்லிவிட்டால் புதிய முகவரி முறையான ஐ.பி.வி.6 இருக்கிறதா என்று ரவுட்டரில் பாருங்கள். இருந்தால் இயக்கிவிடுங்கள், ஆனால் அதன் ஃபயர்வாலை அணைக்காதீர்கள். அந்த முறையில் முகவரிப் பஞ்சம் இல்லை, கருவிக்கொரு முகவரி கிடைக்கும். எக்ஸ்பாக்ஸ் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. உங்களிடமும் நண்பரிடமும் இது இருந்தால் நேரடி ஆட்டத்துக்கு வழி பிறக்கலாம். இதுவும் இல்லையென்றால் உங்கள் குழுவில் ஓபன் அல்லது டைப் 2 நிலையில் இருப்பவரை ஆட்டத்தை ஆரம்பிக்கச் சொல்லி, நீங்கள் போய்ச் சேருங்கள். நீங்கள் தட்டும் கதவு திறந்திருக்கும்.

உங்கள் கையில் உள்ள ஒரே தடுப்பில் வழி செய்வது

இப்போது ரவுட்டர் வேலை. முதலில் கன்சோலுக்கு ஒரு நிலையான உள்முகவரி கொடுங்கள். ரவுட்டரில் டி.எச்.சி.பி. பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று இருக்கும். கன்சோலின் மேக் அட்ரஸை (கருவியின் அடையாள எண்) போட்டு, 192.168.0.50 என்பது போல ஒரு முகவரியை ஒதுக்குங்கள். கன்சோலில் வைஃபைக்கு ஒரு மேக் அட்ரஸ், லேன் கம்பிக்கு வேறொன்று. எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைப் பாருங்கள்.

அடுத்து வழி திறப்பது. இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

யு.பி.என்.பி.: கன்சோல் தனக்கு வேண்டிய போர்ட்டை ரவுட்டரிடம் தானே கேட்டுத் திறந்துகொள்ளும். பல ரவுட்டர்களில் ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். டிபி-லிங்க் ஆர்ச்சர் ரவுட்டர்களில் அட்வான்ஸ்டு, நேட் ஃபார்வர்டிங் என்ற பிரிவில் கிடைக்கும். எளிது, ஆனால் கன்சோலுக்குக் கிடைக்கும் அதே சலுகை மலிவான சிசிடிவி பெட்டிக்கும் கிடைக்கும். அது ரவுட்டரிடம் கேட்டால் அதற்கும் கதவு திறக்கும். எனவே அதே பக்கத்தில், எந்தெந்தக் கருவி எந்தப் போர்ட்டைத் திறந்திருக்கிறது என்ற பட்டியலை அவ்வப்போது பாருங்கள்.

போர்ட் ஃபார்வர்டிங்: வீட்டில் கேமரா, ஸ்மார்ட் பல்பு என்று நிறைய இருந்தால் யு.பி.என்.பி.-ஐ அணைத்துவிட்டுக் கன்சோலுக்கு மட்டும் கையால் திறப்பது நல்லது.

- பிளேஸ்டேஷன்: டி.சி.பி. 3478 முதல் 3480 வரை, யு.டி.பி. 3478, 3479.
- எக்ஸ்பாக்ஸ்: யு.டி.பி. 88, 500, 3074, 3544, 4500, டி.சி.பி. 3074. முதலில் 3074-ஐ மட்டும் திறந்து சோதியுங்கள், பல வீடுகளில் அதுவே போதும்.
- ஸ்விட்ச்: நின்டெண்டோவின் வழிகாட்டுதல் யு.டி.பி.-யில் ஆயிரக்கணக்கான போர்ட்டுகளைத் திறக்கச் சொல்கிறது. அதைக் கடைசி வழியாக வையுங்கள். பி கிடைத்தாலே நிறுத்திவிடலாம்.

80, 443, 53 ஆகியவையும் இந்தப் பட்டியல்களில் தென்படும். கன்சோல் வெளியே போவதற்குப் பயன்படுத்துபவை அவை. உள்நோக்கித் திறக்க வேண்டாம்.

ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இரண்டு கன்சோல் இருந்தால் கையால் திறக்கும் முறை இடிக்கும். ஒரு போர்ட்டை ஒரு கருவிக்குத்தான் ஒதுக்க முடியும். அங்கே யு.பி.என்.பி.-யே மேல். இரண்டும் எக்ஸ்பாக்ஸ் என்றால், ஒன்றில் நெட்வொர்க் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தில் மாற்றுப் போர்ட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

செய்யக் கூடாதவை

ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள். சோதித்துப் பார்க்க என்று அணைத்தது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெளியிலிருந்து ரவுட்டரைக் கட்டுப்படுத்தும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். பெட்டியோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016-இல் ‘மிராய்’ என்ற நச்சு நிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதற்கு வழி. அதை எழுதியவர்கள் அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை முடக்குவது அதன் தொடக்க கால நோக்கங்களில் ஒன்று. 2017-இல் அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கேமராக்களையும் ஸ்மார்ட் கருவிகளையும் ரவுட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையில் தனியே வைத்தால், அவற்றில் ஒன்று கெட்டாலும் மற்ற கருவிகளைத் தொடுவது கடினம்.

ஃபயர்வாலால் தீராத சில

*தூரம்.* அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் சிறுதொழில்களுக்காக உருவானது. இன்று அந்த வட்டாரத்தில் என்.டி.டி., டிஜிட்டல் கனெக்ஷன் போன்ற நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. சர்வர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தும் பிங் (தகவல் போய்வர ஆகும் நேரம்) ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் ஆடும் விளையாட்டின் சர்வர் அங்கே இருக்க வேண்டுமென்பதில்லை, மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். 2002-இல் போடப்பட்ட சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கடலடிக் கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போக 16 மில்லிவிநாடி, வர 16. எனவே சிங்கப்பூர் சர்வரில் 35, 40 என்று பிங் வந்தால் உங்கள் லைன் நன்றாகவே இருக்கிறது. 120 வந்தால் வீட்டுக்குள் தேடுங்கள்.

*வைஃபை.* ஆவடி, திருமுல்லைவாயல் பக்கத்துத் தனி வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் சிக்னலை விழுங்கிவிடும். முடிந்தவரை கேட் 6 லேன் கம்பி இழுத்துவிடுங்கள். ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய பிளேஸ்டேஷன் 4 வாங்கியிருந்தால், முதல் மாடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும் என்பது நினைவில் இருக்கட்டும். ஸ்விட்சின் முதல் டாக்கில் லேன் துளை கிடையாது, யூஎஸ்பி அடாப்டர் வேண்டும்.

*வேகம்.* 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 100 ஜிபி விளையாட்டு இறங்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் இன்னொருவர் ஆன்லைனில் ஆடினால் தடுமாறுவார். டவுன்லோடை இரவில் ரெஸ்ட் மோடில் விடுங்கள்.

*கரண்ட்.* மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்ததும் டைப் 2 டைப் 3 ஆகிவிட்டது என்று சிலர் திகைப்பார்கள். ரவுட்டர் மறுபடி எழும்போது யு.பி.என்.பி. பட்டியல் அழிந்துவிடும், ரெஸ்ட் மோடில் கிடந்த கன்சோலுக்கு அது தெரியாது. முதலில் மோடம், அதன் பச்சை விளக்குகள் நிலைத்ததும் ரவுட்டர், கடைசியில் கன்சோல் என்று வரிசையாக ஆன் செய்யுங்கள். மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக இருந்தால் எங்கோ ஃபைபர் அறுந்திருக்கலாம். சாலையைத் தோண்டும் இடங்களில் இது வழக்கம், உங்கள் செட்டிங்கை மாற்றிப் பயனில்லை. மோடம், ரவுட்டர் இரண்டுக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்தால் சின்னச் சின்ன மின்வெட்டு ஆட்டத்தைக் கலைக்காது.

எங்கே நிறுத்துவது?

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கன்சோலை மறுபடி இயக்கிப் படி 1-இன் சோதனையைச் செய்யுங்கள். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்தை மாற்றிவிட்டுச் சரியானால் எது தீர்த்தது என்றே தெரியாது, தேவையில்லாமல் திறந்த நான்கும் திறந்தே கிடக்கும். டைப் 2, ஓபன், ஏ அல்லது பி வந்தால் வேலை முடிந்தது. டைப் 1-ஐத் தேடிப் போகாதீர்கள். அது பரிசு இல்லை, காவல் நீங்கிய நிலை.

பிறகு ஒரு தாளில் இவற்றை எழுதி மோடத்தின் அருகே ஒட்டிவிடுங்கள்: ரவுட்டர் பக்கத்தின் முகவரி, கன்சோலுக்கு ஒதுக்கிய உள்முகவரி, திறந்த போர்ட்டுகள், மாற்றிய தேதி, கேபிள்காரரின் எண். பாஸ்வேர்டை மட்டும் வேறிடத்தில் வையுங்கள். அடுத்த முறை நெட்காரர் வந்து பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது நீங்கள் செய்த செட்டிங் எல்லாம் அதோடு போய்விடும். தாள் இருந்தால் பத்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவரலாம்.